கண்ணாடிக் கெண்டி சுற்றி வருகிறது

கெண்டி கிளம்பிவிட்டது. மேசையின் அந்தக் கோடியில் ராமோன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து நின்று, கண்ணாடிக் கெண்டியை ஒற்றைக் கையால் தூக்கி, இவரைப் பார்த்துக் கண்ணடித்தார். அவ்வளவுதான், சௌந்தரபாண்டியனுக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. பயமா? சீச்சீ, பயமெல்லாம் இல்லை. அருப்புக்கோட்டை தாலுகா ஆபீஸில் முப்பத்தாறு வருஷம் சர்வேயராக இருந்து, அண்ணன் தம்பி அரிவாளோடு நிற்கிற வரப்பில் சங்கிலி பிடித்தவருக்கு ஒரு கண்ணாடிக் கூஜாவைப் பார்த்தா பயம். இது வேற. அறுபத்துமூன்று வயசில் வரக்கூடாத குறுகுறுப்பு. கெண்டி என்று பேர் வைத்தது இவராகத்தான். இவர்கள் ‘பொர்ரோ’ என்கிறார்கள். வயிறு பருத்து, கழுத்து சிறுத்து, பக்கவாட்டில் கூராக ஒரு மூக்கு. கெண்டியேதான், என்ன, பித்தளைக்குப் பதில் கண்ணாடி. உள்ளே இந்தத் தோட்டத்துத் திராட்சையின் ஒயின், கருஞ்சிவப்பாக, வெயில் பட்டால் ஓரத்தில் மட்டும் மாதுளை நிறம். தம்ளர் கிடையாது. ஒரே கெண்டிதான், மேசையைச் சுற்றி எல்லாருக்கும். மூக்கில் வாய் படக்கூடாது. அண்ணாந்து, கையை நீட்டி, தாரை நேராகத் தொண்டையில் விழ வேண்டும். அறுவடை நாளில் மத்தியானச் சாப்பாட்டுக்கு இதுதான் இந்த ஊர் வழக்கமாம். ‘சிந்தினா வெளியூர்க்காரன், சிந்தலேன்னா ஊர்க்காரன்’ என்று ராமோன் சொன்னதாகக் காலையில் மகள் சொன்னாள். யாரையும் பார்க்காமல், கூடையை எடுத்துக்கொண்டே சொன்னாள். மொத்தம் ஒன்பது பேர். ராமோன் ஒன்று, திராட்சை வெட்ட வந்த அண்ணன் தம்பி ரெண்டு பேர், வீட்டு மாடியில் வாடகைக்குத் தங்கியிருக்கிற ஜெர்மன்காரரும் அவர் சம்சாரமும், ராமோனின் மனைவி மொன்ஸெ, அப்புறம் அவர்கள் மகன், இவருக்கு மாப்பிள்ளை, மார்த்தி, அப்புறம் இவர், கடைசியில் இவருக்கு இடப்பக்கம் ரஞ்சி. சிவரஞ்சனி. பெற்ற மகள். இவர் எட்டாவது ஆள். இன்னும் ஏழு பேர் இருக்கிறார்கள்.

ராமோன் சிந்தவில்லை. அவர் எங்கே சிந்தப்போகிறார், அந்த ஆளுக்கு மூக்கைச் சொறிந்துகொண்டே குடிக்க வரும். கைதட்டல். இவரும் தட்டினார், எல்லாரையும்விடக் கொஞ்சம் பலமாக, கொஞ்சம் கூடுதல் நேரம். வந்த ஐந்து நாளாகவே எல்லாம் கொஞ்சம் கூடுதல்தான். கடைக்குள் நுழைந்தால் சாமானைக் கேட்பதற்கு முன்னால் ‘பொன் தியா’ என்று வணக்கம் சொல்ல வேண்டும் என்று ரஞ்சி சொல்லிக் கொடுத்தாலும் கொடுத்தாள், ரொட்டிக் கடையில் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி, வெளியே கட்டிக்கிடந்த நாய்க்கும் ஒன்று சொன்னார். ராமோனின் பழைய வைக்கோல் தொப்பியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டார். தக்காளியை ரெண்டாக அறுத்து ரொட்டியில் தேய்த்து எண்ணெய் விட்டுத் தின்கிற வித்தையைப் பார்த்த மாத்திரத்தில் பிடித்துக்கொண்டார். போட்டோ எடுக்கவில்லை, போட்டோ எடுத்தால் சுற்றுலாக்காரன் என்று தெரிந்துவிடும். காலையில் ஐந்தரை மணிக்கே கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு மலைச்சரிவில் இறங்கி, அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் நடுவில் நின்று குலை வெட்டினார். அடேயப்பா, என்ன மண்! மண்ணா அது? கருங்கல் சில்லு. காலை வைத்தால் சரசரவென்று சரிகிறது. இந்தச் சில்லுக்குள் வேர் எப்படித்தான் இறங்குகிறதோ. ஒவ்வொரு படிக்கட்டு வயலுக்கும் எத்தனை சென்ட் என்று மனசுக்குள் அளந்துகொண்டே போனார். விரலெல்லாம் பிசுபிசுவென்று சாறு, முதுகில் வெயில், யாரோ பாடினார்கள், இவருக்கும் பாட வேண்டும்போல் இருந்தது. நானும் இந்த ஊர்க்காரன், பார்த்துக்கோ ரஞ்சி, உங்கப்பன் எப்படிப் பொருந்திப்போறான் பார். அவள் பார்த்தாள். ‘தண்ணி குடிச்சீங்களாப்பா? நிழல்ல உக்காருங்க’ என்றாள். குடிச்சீங்களா. உக்காருங்க. அந்த ‘ங்க’ இருக்கிறதே, அதுதான் இவருக்கு இருக்கிற ஒரே கேடு. இருபத்தெட்டு வயசு வரைக்கும் ‘யப்பா, நீ வா, நீ போ, நீ சும்மா இரு’ என்று சொன்ன வாய். பத்தாம் வகுப்பு ரிசல்ட் அன்றைக்கு ‘நீ அழாதப்பா’ என்று இவரைத் தேற்றிய வாய். நாலு வருஷமாக ‘நீங்க’. ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்துக்கொண்டாள், நிஜமாகவே பாசமாகத்தான், ஆனால் காதுக்குள் ‘வாங்கப்பா’ என்றாள். ஊரே மகள் இவ்வளவு மரியாதை கொடுக்கிறாளே என்று மெச்சும். இவருக்கல்லவா தெரியும் அது மரியாதை இல்லையென்று. ஒரே ஒரு ‘நீ’. அதை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார். நாளைக்கு ராத்திரி பிளைட்டு.

கெண்டி அண்ணன் தம்பியைத் தாண்டி ஜெர்மன்காரர் கைக்குப் போயிருந்தது. ஆறடிக்கு மேல் உயரம், வெள்ளைச் சட்டை, பாவம் நல்ல மனுஷன். ஐந்து வருஷமாக இந்த ஊருக்கு வருகிறாராம், இவர்கள் பாஷையை வெளுத்து வாங்குகிறாராம். கெண்டியைச் சாய்த்தார். தாரை முதலில் மூக்கில், அப்புறம் தாடையில், அப்புறம் வெள்ளைச் சட்டையில். மேசையே குலுங்கியது. அவர் சம்சாரம் வாங்கினாள், அவளுக்கு வாய்க்குள் விழுந்தது, ஆனால் விழுங்குவதற்கு வாயை மூடினாள் பாருங்கள், அங்கேதான் தப்பு. மூடின வாய்மேல் ஒயின் கொட்டி, கழுத்து வழியாக ஓடி, ஐயோ ஐயோ என்று குதித்தாள். சௌந்தரபாண்டியன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வாயை மூடக்கூடாதும்மா! வாயைத் திறந்தபடியே தொண்டையால் விழுங்கணும்! அட, இது ஒரு வித்தையா? அப்போதுதான் அவருக்கு உறைத்தது. இவருக்கு இது வரும். இவருக்கு மட்டுமா, அருப்புக்கோட்டையில் ரெண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வரும். பள்ளிக்கூடத்துப் பானையில், தாலுகா ஆபீஸ் மண்பானையில், கல்யாண வீட்டு டிரம்மில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் நீட்டுகிற பாட்டிலில், ஓடுகிற பஸ்ஸில் ஐயா, குண்டும் குழியுமான பந்தல்குடி ரோட்டில், ஒரு சொட்டு சட்டையில் படாமல் அண்ணாந்து குடித்த ஆள் இவர். ஐந்து வருஷம் வந்து பாஷை படித்த ஜெர்மன்காரருக்கு வராதது, வந்து ஐந்து நாளான இவருக்குப் பிறந்ததிலிருந்தே வரும்! தலைகால் புரியவில்லை. இப்போதே எழுந்துபோய்க் கெண்டியைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது. பொறு, பொறு, இன்னும் ரெண்டு பேர். ஒயின் அவருக்குப் பழக்கமில்லைதான், எப்போதாவது பக்கத்து வீட்டு மிலிட்டரிக்காரர் கொடுக்கிற ரம் ஒரு மூடி, அதுவும் இந்திராணிக்குத் தெரியாமல், அதனால் என்ன, தாரை தாரைதானே. இந்திராணி வந்திருக்க வேண்டும், முழங்கால் வலி, வரமுடியவில்லை. ‘போயி ஒழுங்கா நடந்துக்குங்க, உங்க பவுசக் காட்டாதீங்க’ என்று சொல்லி அனுப்பினாள். காட்டத்தான் போகிறேன்டி. ஏன் இவர்களும் நம்மைப் போலவே அண்ணாந்து குடிக்கிறார்கள் என்று ஒரு யோசனை ஓடியது. ஒரே பாத்திரம், ஒன்பது வாய், எச்சில் படாமல் எல்லாருக்கும் சுற்றிவர வேண்டும், அதற்காக. சரி. நாம் ஏன் அண்ணாந்து குடிக்கிறோம்? அங்கே மனசு தடுக்கிக்கொண்டது. நாமும் எச்சில் படாமல் இருக்கத்தான். எச்சில் பட்டால்? பட்டால் அந்தத் தம்ளர் உள்ளே வராது.

தம்ளர். இதோ வந்துவிட்டது. எங்கே சுற்றினாலும் மனசு கடைசியில் வந்து நிற்கிற இடம் வீட்டுக் கொல்லையில் காம்பவுண்டுச் சுவர்மேல் கவிழ்ந்து கிடக்கிற அந்த எவர்சில்வர் தம்ளர்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் ரஞ்சி இந்த மார்த்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். இவர் ஒரு கடுஞ்சொல் சொன்னாரா? சொல்லவில்லை. ஆட்டுக்கறி எடுத்துப் போட்டார். எட்டு முழ வேட்டி வாங்கிக் கொடுத்தார். தெருவில் கேட்டவர்களுக்கு, பேர் மூர்த்தி என்று சொன்னார். மார்த்திக்கும் மூர்த்திக்கும் என்ன பெரிய வித்தியாசம். பையன் வந்த அன்று காப்பியை வாய் வைத்துச் சப்பிக் குடித்தான். அவனுக்கு என்ன தெரியும், அவன் ஊர் வழக்கம். குடித்து முடித்த தம்ளரை இந்திராணி உள்ளே எடுத்துப்போகப் போனாள். இவர் கண்ணாலேயே தடுத்தார். ‘அது அங்கனயே கெடக்கட்டும்’ என்றார். கொல்லையில், கக்கூஸ் பக்கத்தில், காம்பவுண்டுச் சுவர்மேல். மூன்று நாளும் அவனுக்கு அதே தம்ளர், மூன்று நாளும் கழுவி அங்கேயே கவிழ்ப்பு. யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்தார். மூன்றாம் நாள் காலையில் ரஞ்சி அந்தத் தம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். ‘இது என்னப்பா?’ என்றாள். ஒன்றுமில்லை, கைத்தவறுதல் என்று சொல்லியிருக்கலாம். நாக்கில் சனி. ‘அவங்கவங்க வாய் வச்சது அவங்கவங்களுக்கு’ என்றார். அவள் அழவில்லை, கத்தவில்லை. தம்ளரைத் திரும்பச் சுவர்மேல் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, ‘நீங்க நல்லா இருங்க’ என்றாள். அதுதான் முதல் ‘நீங்க’. சாயங்காலம் ரெண்டு பேரும் கிளம்பிப் போய்விட்டார்கள். இங்கே வந்து ரிஜிஸ்டர் கல்யாணம். அந்தப் பையனிடம் அவள் சொல்லாமலா இருந்திருப்பாள்? சொல்லியிருப்பாள். எல்லாம் தெரிந்தும் அவன் ஏர்போர்ட்டுக்கு வந்து பெட்டியைத் தூக்குகிறான், குளிக்க வெந்நீர் போட்டு வைக்கிறான், ராத்திரி குளிருமென்று இன்னொரு கம்பளி கொண்டுவந்து கால்மாட்டில் மடித்து வைக்கிறான். ஒவ்வொரு தடவையும் இவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் என்ன? தப்புப் பண்ணிட்டேன் தம்பி, மனசுல வச்சுக்காத. கேட்டுவிட்டால் ‘நீ’ வந்துவிடுமா? ஐந்து நாளாக வாய் வரைக்கும் வருகிறது, ‘பொன் தியா’ என்று மாறி வெளியே போகிறது.

மொன்ஸெ கெண்டியை வாங்கினாள். குண்டு அம்மாள், சிரித்தால் கண் காணாமல் போகும். நாலு மடக்கு, ஒரு சொட்டுக்கூடக் கீழே இல்லை. கைதட்டல். கெண்டி மார்த்தி கைக்கு வந்தது. அவன் உடனே குடிக்கவில்லை. கெண்டியை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ கதை சொல்ல ஆரம்பித்தான். ரஞ்சி இதுவரை எல்லாப் பேச்சையும் இவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தவள், இப்போது சொல்லவில்லை. ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மார்த்தியின் பாஷை கடகடவென்று ஓடியது, அதற்குள் திடீரென்று ஒரு சொல், ‘அருப்புகோத்தா’. இவர் நிமிர்ந்தார். இன்னும் கொஞ்சம் ஓடியது, அதற்குள் இன்னொரு சொல், தெளிவாக, அட்சரம் பிசகாமல்: ‘தம்ளர்’. சொல்கிறான். எல்லாருக்கும் முன்னால் சொல்கிறான். கெட்டது குடி. எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பின. ஆனால் ஏன் சிரிக்கிறார்கள்? மொன்ஸெ நெஞ்சில் கை வைத்துக்கொண்டு இவரைப் பார்த்து அப்படியே உருகினாள். ராமோன் தலையை ஆட்டி ஆட்டி ஏதோ மெச்சினார். ஜெர்மன்காரர்கூட ஒயின் சட்டையோடு இவருக்கு ஒரு கும்பிடு போட்டார். அவமானத்தை இவ்வளவு அன்பாகவா ஒரு ஊர் வாங்கிக்கொள்ளும்? மன்னித்துவிட்டார்களா? கிண்டலா? ரஞ்சி முகத்தைப் பார்த்தார். பிய்த்த ரொட்டியை இன்னும் சின்னதாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். மார்த்தி சிரித்தபடியே கெண்டியைத் தூக்கினான், அண்ணாந்தான், தாரை விழுந்தது, யாரோ ஏதோ சொல்ல அவனுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, கை ஆடி, கெண்டியின் மூக்கு அவன் உதட்டில் இடித்தது. ஹோவென்று எல்லாரும் கத்தினார்கள். அவன் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு கெண்டியை இவரிடம் நீட்டினான். மூக்கு நுனியில் ஈரம் இருந்தது.

இடது கையில் கெண்டி. வலது கை சட்டைப் பைக்குப் போயிருந்தது. இவர் அனுப்பவில்லை, அதுவே போனது. பையில் கைக்குட்டை, விரல் அதைப் பிடித்தும் விட்டது. அறுபது வருஷப் பழக்கம், மூளையைக் கேட்காமல் வேலை செய்கிறது. துடைச்சா என்ன, இந்த ஊர்க்காரங்களே துடைப்பாங்களோ என்னமோ, எச்சில் படக்கூடாதுங்கிறதுதானே இவங்க சட்டமும், துடைச்சா யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க, ஜெர்மன்காரர் துடைச்சா ஒண்ணுமில்ல, ராமோன் துடைச்சா ஒண்ணுமில்ல, நான் துடைச்சா? ரொட்டி பிய்ப்பது நின்றிருந்தது. இவர் திரும்பிப் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையில்லை, இடப்பக்கக் கன்னம் சுட்டது. அவள் இவர் முகத்தைப் பார்க்கவில்லை, பையில் இருக்கிற கையைத்தான் பார்க்கிறாள். கையே, வெளிய வா. அட வெளிய வாடா. கைக்குட்டை நுனி கூடவே வந்தது, அதை உதறிவிட்டு, கெண்டியை வலது கைக்கு மாற்றி, தலையைப் பின்னால் சாய்த்தார். வானம் தெரிந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் ஈர மூக்கு. சாய்த்தார். முதலில் கிட்டத்தில், தாரை நாக்கில் விழுந்து பிடிபட்டதும் கையை மெல்ல மெல்ல நீட்டினார். நீட்டினார், நீட்டினார், முழங்கை நேராகி, தாரை வில்லாக வளைந்து, வெயிலில் மாதுளையாக மின்னி, வாயைத் திறந்தபடியே தொண்டை மட்டும் கொடக் கொடக்கென்று வாங்கிக்கொண்டது. துவர்ப்பு, புளிப்பு, என்னமோ கருங்கல்லை நக்கின மாதிரி ஒரு ருசி, அப்புறம் சூடு, நெஞ்சுவரைக்கும் சூடு. யாரோ எண்ண ஆரம்பித்தார்கள். மேசை முழுக்கச் சேர்ந்து எண்ணியது. இவருக்கு அந்த எண்களில் மூன்றுவரைதான் தெரியும், அதையும் தாண்டி எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. போதும் என்று தோன்றியபோது மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டி நிறுத்தினார். சட்டையைப் பார்த்தார். வெள்ளைச் சட்டை. ஒரு சொட்டு? ஒரு சொட்டு இல்லை!

எல்லாரும் எழுந்துவிட்டார்கள். மேசையைத் தட்டுகிற சத்தத்தில் தட்டுகள் குதித்தன. ராமோன் அந்தக் கோடியிலிருந்து ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்து ரெண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ஏதோ கத்தினார். ‘என்னவாம்? என்னவாம் ரஞ்சி?’ என்று குழந்தை மாதிரிக் கேட்டார் சௌந்தரபாண்டியன். ‘இவர் இந்த ஊர்க்காரர்தான், இங்க பொறந்து வழிதவறி வேற எங்கயோ போயிட்டாருங்கறார்’ என்றாள். அவள் குரலில் என்னமோ இருந்தது. சிரிப்பா, அழுகையா, ரெண்டில் ஒன்று கட்டாயம் இருந்தது. ஐயோ, உள்ளே என்னமோ பொங்கிக்கொண்டு வருகிறதே, இந்த ஒயின்தானா, இல்லை இந்த ஜனங்களா. இவர்களிடம்போய் மறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமா? எல்லாம் தெரிந்தும் கட்டிப்பிடிக்கிற மனுஷர்கள். இப்போது சொல்லாவிட்டால் இந்த ஜென்மத்தில் சொல்லப்போவதில்லை. உட்காரவில்லை அவர். கெண்டியை ரஞ்சியிடம் கொடுத்துவிட்டு, நின்றபடியே கையைக் கூப்பினார். மேசை அமைதியானது.

“ரஞ்சி, நான் சொல்றத அப்படியே அவங்க பாஷையில சொல்லு. ஒரு வார்த்தை விடக்கூடாது.”

“என்ன சொல்லப்போறீங்க?”

“தம்பி மார்த்தி,” என்று ஆரம்பித்தார். “நீ எங்க வீட்டுக்கு வந்தப்போ நான் உன் தம்ளரக் கொல்லையில வச்சேன். நாலு வருஷமா எனக்கு ஒழுங்காத் தூக்கமில்ல. இன்னிக்கு நீ வாய் பட்ட கெண்டியில நான் குடிச்சேன். தப்பு என்னோடதுதான். உங்க அப்பா, அம்மா, எல்லாருக்கும் முன்னால கேக்கறேன். மன்னிச்சுரு.”

சொல்லிவிட்டார். அப்பாடா. எல்லாரும் ரஞ்சியைப் பார்த்தார்கள். மார்த்தி கண்ணை விரித்துக்கொண்டு காத்திருந்தான். ரஞ்சி முகத்தில் ரத்தமே இல்லை. நாலே நாலு வார்த்தை சொன்னாள். இவர் அவ்வளவு நீளமாகச் சொன்னதற்கு நாலே வார்த்தை. மேசை ஆரவாரித்தது, மொன்ஸெ இவருக்கு முத்தத்தைக் காற்றில் அனுப்பினாள்.

“என்ன சொன்ன?”

“திராட்சை அருமையா இருக்கு, எல்லாருக்கும் நன்றின்னு சொன்னேன்.” சிரித்த முகம் சிரித்தபடியே இருக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, இவர் காதோரமாக வந்தாள். “நீ ஒக்காரு மொதல்ல. வாய மூடிக்கிட்டு ஒக்காரு. அவனுக்குத் தெரியாது.”

“என்னது?”

“தெரியாதுங்கறேன்ல! நான் சொல்லவே இல்ல. தனித் தம்ளர் குடுத்தா, அது வீட்டு மாப்பிள்ளைக்குக் குடுக்கிற மரியாதைன்னு நெனச்சுக்கிட்டான். மூணு நாளும் அத ஆசை ஆசையா எடுத்துட்டு வந்து காப்பி வாங்கிக் குடிச்சான், நீ பாத்தேல்ல? அதுல புள்ளி புள்ளியா என்ன எழுதியிருக்குன்னு கேட்டான். அவன் பேருதான்னு சொன்னேன். உன் கல்யாணத்துக்கு மொய் செஞ்ச சங்கரன்கோவில் மாரியப்ப மாமா பேருன்னு நான் எப்படிச் சொல்ல? இந்த ஊரு பூராச் சொல்லி வச்சிருக்கான், என் மாமனார் வீட்டுல எனக்குன்னு பேர் வெட்டின தம்ளர் ஒண்ணு இருக்குன்னு. இப்பக்கூட அதத்தான் சொன்னான். நாலு வருஷமா ஒத்தையா நான் இதக் கட்டிக் காப்பாத்திட்டு இருக்கேன், நீ ஒரு வாய் ஒயினக் குடிச்சிட்டு எல்லார் முன்னாடியும் ஒடச்சுப் போட்டுருவே. உனக்கு மனசு லேசாகணும், அதுக்கு அவன் மனசு நோகணுமா? அறிவிருக்கா உனக்கு?”

சௌந்தரபாண்டியன் உட்கார்ந்தார். இவ்வளவும் காதில் விழுந்தது, ஒன்றும் விடுபடவில்லை, ஆனால் வந்து சேர்ந்த வரிசைதான் தப்பு. முதலில் ‘நீ ஒக்காரு’ வந்தது. அப்புறம் ‘நீ பாத்தேல்ல’ வந்தது. ‘அறிவிருக்கா உனக்கு’ வந்தது. ஒன்று, ரெண்டு, மூன்று, நாலு என்று விரலை மடக்கப் போனவர் கையை மேசைக்கடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் அர்த்தம் வந்தது, மெதுவாக, முள் ஏறுவதுபோல ஏறியது. அவனுக்குத் தெரியாது. அவன் மரியாதை என்று நினைத்துக்கொண்டான். அந்தப் பிள்ளை அந்தத் தம்ளரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் வந்து நின்றது இப்போது கண்முன்னால் நின்றது. அப்போது சனியன் எதற்கு இளிக்கிறான் என்றல்லவா நினைத்தார். மன்னிப்புக் கேட்கக்கூட இவருக்கு வழியில்லை இனிமேல். கேட்டால் அது மறுபடியும் ஒரு அடி. வாயை மூடிக்கொண்டு வைத்திருக்க வேண்டியதுதான், அவள் வைத்திருந்த மாதிரி. பாதிப் பாரம் இவர் பக்கம் வந்துவிட்டது. வரட்டும். சந்தோஷமாகத் தூக்குகிறேன். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, மூக்கு ஒழுகியது, அந்தக் கைக்குட்டை எங்கே போனது என்று தேடினார். மொன்ஸெ பதறிப்போய் என்னவென்று கேட்டாள். வெயில் என்று ரஞ்சி சொல்லியிருக்க வேண்டும், தொப்பியை எடுத்து இவர் தலையில் வைத்தாள்.

கெண்டி ரஞ்சி கையில் காத்துக்கொண்டிருந்தது. அவள் குடிப்பதற்குள் மார்த்தி இவருக்கு முன்னால் குனிந்து, இவர் கண்ணையே பார்த்துக்கொண்டு, ஏதோ கேட்டான். தயங்கித் தயங்கிக் கேட்டான். அதில் மறுபடியும் ‘தம்ளர்’ இருந்தது, ‘பொங்கல்’ இருந்தது.

“பொங்கலுக்கு வரலாமான்னு கேக்கறான்,” என்றாள் ரஞ்சி. கெண்டியின் கழுத்தை அவள் விரல் இறுக்கிப் பிடித்திருந்தது. “அவன் தம்ளர் இன்னும் பத்திரமா இருக்கான்னு கேக்கறான். நான் எதுவும் சொல்ல மாட்டேன். நீயே சொல்லு.”

காம்பவுண்டுச் சுவர்மேல் நாலு மழைக்காலம் கிடந்த தம்ளர். காக்கா தள்ளிவிட்டிருக்கும். சொட்டை விழுந்திருக்கும். ஒருவேளை எதிர்த்த வீட்டுக் கோழிக்குத் தண்ணீர் வைக்க எடுத்துப் போயிருப்பார்கள். இவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை, இருக்கிறதா இல்லையா என்றுகூடத் தெரியாது.

“இருக்கு மாப்ள,” என்றார் சௌந்தரபாண்டியன். “அடுப்படி ஷெல்புல, முன் வரிசையில இருக்கு. வாங்க.”

ரஞ்சி அதை ஒரு வார்த்தை விடாமல் அப்படியே சொன்னாள். மார்த்தி முகம் மலர்வதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், பார்த்துக்கொண்டே மகள் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல், “ரஞ்சி,” என்றார், “சீக்கிரம் அம்மாவுக்கு ஒரு போன் போட்டுக் குடு.”